கண்டறியாத செல்லம்

யாழ்ப்பாணத்து வீடுகளிலே, சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக் கொள்ளும் ஒரு பிள்ளையையும், அதன் பின்னாலே கோப்பையும் கையுமாக முற்றம் முழுவதும் திரியும் ஒரு தாயையும் காணும்போது, விறாந்தையில் இருக்கும் முதியவர் எவராவது இரண்டே சொற்களில் தீர்ப்புக் கூறிவிடுவார்: "கண்டறியாத செல்லம்!" அந்தத் தீர்ப்புக்கு மேன்முறையீடு கிடையாது. பிள்ளைக்கு அது விளங்குவதில்லை. தாய்க்கு மட்டும் முகம் கறுத்துவிடும்.

தமிழ் கற்பிக்கும் எனக்கு இந்தத் தொடர்மீது நெடுங்காலமாக ஒரு கண் உண்டு. இரண்டு சொற்களும் தனித்தனியே குற்றமற்றவை. முன்னர்க் கண்டு அறியாதது கண்டறியாதது. அருமை பாராட்டுவது செல்லம். இரண்டும் சேர்ந்த மாத்திரத்தில் வசை பிறந்துவிடுகிறது. அஃது எவ்வாறு என்று பார்ப்பதற்கு முன், செல்லம் என்ற சொல்லைச் சற்றே தனியாக எடுத்து வைத்துப் பார்ப்போம்.

சென்ற தவணையில் பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், செல்லாக் காசு எண்டால் பெறுமதி இல்லாத காசு. அப்ப செல்லப்பிள்ளை எண்டால் பெறுமதி உள்ள பிள்ளையோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. கேட்டவனும் சிரிப்பதற்காகவே கேட்டான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. பாடக்குறிப்பில் இல்லாத கேள்விகளுக்குத்தான் ஆசிரியன் உண்மையாகச் சம்பளம் பெறுகிறான் என்பது என் அபிப்பிராயம். அன்றைய பாடவேளை அதனோடேயே கழிந்தது.

செல் என்னும் அடிக்குப் போதல் என்பது முதற்பொருள். ஆனால் அந்தப் போதல் காலால் நடந்து போவது மட்டும் அன்று. நாணயம் கடையிலே செல்லும். உறுதி பதிந்தாற் செல்லும்; பதியாவிடிற் செல்லாது. ஒருவருடைய வாக்கு ஊரிலே சென்றால் அதனைச் செல்வாக்கு என்கிறோம். திருவள்ளுவர் வெகுளாமை அதிகாரத்தைத் தொடங்கும்போதே கோபத்துக்குச் செல்லிடம், அல்லிடம் என இரண்டு இடங்களைப் பிரித்து வைக்கிறார். செல்லிடம் என்றால் நம்முடைய சினம் பலிக்கக்கூடிய இடம், எளியவர்மேல், கீழ்ப்பட்டவர்மேல். அங்கே அடக்குபவனே சினத்தை அடக்குபவன் என்பது அவர் கருத்து. எனவே, எந்தப் பிள்ளையின் சொல் ஒரு வீட்டிலே எதிர்க்கேள்வி இல்லாமற் செல்கிறதோ, அது செல்லப்பிள்ளை என்று நான் அந்த மாணவனுக்குச் சொன்னேன். இஃது என்னுடைய வியாக்கியானமே அன்றி, அகராதி விளக்கம் அன்று என்பதையும் உடனே சொல்லிவைத்தேன். பரீட்சை எழுதும் பிள்ளைகளிடம் இவ்வித எச்சரிக்கை அவசியம்.

அகராதிகள் வேறு வழியாற் செல்கின்றன. செல்லம் என்பதற்குச் செல்வம் என்றே ஒரு பொருள் காட்டுகின்றன. செல்வம் மருவியே செல்லம் ஆயிற்று என்று கொள்வது பொருத்தமாகத் தோன்றுகிறது. இதற்குச் சான்று கர்நாடகத்து மேல்கோட்டையில் இருக்கிறது. வைணவர்கள் திருநாராயணபுரம் என்று போற்றும் அந்தத் தலத்து உற்சவமூர்த்தியின் திருநாமம் செல்வப்பிள்ளை. டில்லி சுல்தானிடம் அகப்பட்டிருந்த அத்திருமேனியைத் தேடிச் சென்ற இராமாநுசர், தம் பிள்ளையை அழைப்பதுபோலப் பெயர் சொல்லி அழைக்க, அது சதங்கை ஒலிக்க நடந்து வந்து அவர் மடியில் அமர்ந்தது என்பது குருபரம்பரைக் கதை. வடமொழியில் இப்பெயரைச் சம்பத்குமாரர் என்று பெயர்த்தார்கள். சம்பத்து என்றால் செல்வம். கதையை நோக்கினாலோ, மடியில் வந்து ஏறியது செல்லப்பிள்ளைதான். செல்வமும் செல்லமும் ஒரே மடியில் இருப்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

நம் நாட்டிலும் இந்த உறவு மறைந்துவிடவில்லை. மணமாகாத ஆண்பிள்ளை செல்வன், பெண்பிள்ளை செல்வி. பாடசாலைச் சான்றிதழ் தொடக்கம் திருமண அழைப்பிதழ் வரை அப்படித்தான் அச்சிடுகிறோம். பத்து மாதமும் வகுப்பில் ஒரு வரி எழுதாத மாணவனையும் பரிசளிப்பு விழா ஒலிபெருக்கி செல்வன் என்றே விளிக்கிறது. பெற்றோருக்குப் பிள்ளை செல்வம் என்ற நம்பிக்கையின் மிச்சம் அது. பழைய தலைமுறையின் இடாப்பைப் புரட்டினால் செல்லையா, செல்லப்பா, செல்லத்துரை, செல்லம்மா, செல்லாச்சி என்று பக்கம் பக்கமாக வரும். எங்கள் வகுப்பு இடாப்பில் இன்று ஒரு செல்லையா இல்லை. பெயரிலே செல்லம் குறைந்துவிட்டது. மற்ற இடங்களிற் கூடிவிட்டது.

செல்லப்பா என்றதும் நல்லூர்த் தேரடியை நினையாமல் இருக்க முடியாது. யோகர் சுவாமிகளின் குருநாதராகிய செல்லப்பா சுவாமிகள், 1915 இல் மறையும்வரை, அந்தத் தேரடியிலே இருந்து வருவோர் போவோரை ஏசி விரட்டியவர். அவரிடம் இனிய சொற் கேட்கப் போனவர்களுக்கு ஏச்சே கிடைத்தது. பெயரிலே செல்லமும் வாயிலே வசவும் வைத்திருந்த அந்தப் பெரியவரிடம் அகலாமல் நின்றவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவரைப் பின்னாளில் யாழ்ப்பாணமே தேடிச் சென்றது.

தமிழகத்தில் வெற்றிலை பாக்கு வைக்கும் பெட்டிக்கும் வெற்றிலைச் செல்லம் என்றொரு பெயர் உண்டு. இங்கே நாம் தட்டம் என்கிறோம். வயோதிபர் மடியிலே கொட்டைப்பெட்டி இருக்கும். பேரப்பிள்ளை முதலிற் கைவைக்கும் இடம் அதுவாகையால், பெயர் பொருத்தமானதே.

இனி மிகையான செல்லத்துக்கு வருவோம். செல்லத்திலே தவறில்லை என்பதற்கு வள்ளுவரே சாட்சி. மக்கட்பேற்றிலே அடுத்தடுத்து மூன்று குறள்கள் செல்லத்துக்காகவே ஒதுக்கப்பட்டிருக்கின்றன. பிள்ளை கையிட்டுக் குழப்பிய கூழ் ஒன்றில். பிள்ளையின் மெய் தீண்டும் இன்பம் மற்றொன்றில். மழலைக்கு முன் குழலும் யாழும் தோற்பது மூன்றாவதில். மூன்றும் முடிந்த கையோடு, ஒரு மூச்சுக்கூட விடாமல், தந்தை மகனுக்குச் செய்யவேண்டியது அவையிலே முந்தியிருக்கச் செய்தல் என்று நாலாவது குறள் வந்துவிடுகிறது. கூழுக்கும் அவைக்கும் இடையே எத்தனை ஆண்டு என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்கு எவ்வளவோ வசதியாக இருந்திருக்கும். எந்த நாளிலே கூழை விட்டு அவைக்குத் திரும்பவேண்டும் என்பது அறியாமலேதான் ஒவ்வொரு வீடும் தடுமாறுகிறது.

எல்லை கடந்த நிலையைச் சுட்ட நம் பேச்சிலே சொற்களுக்குக் குறைவில்லை. இடங்கொடுத்தல் என்பது ஒன்று. இடங்கொடுத்தால் மடம் பிடுங்குவான் என்ற பழமொழி அதனாற் பிறந்தது. பழுதாக்குதல் மற்றொன்று, ஊசிப்போன கறிக்கும் கெட்டுப்போன பிள்ளைக்கும் நாம் ஒரே சொல்லையே வைத்திருக்கிறோம். மிகவும் வியப்பானது இளக்காரம். நெகிழ்ந்து கொடுத்தல் என்பது அதன் ஒரு பொருள். அவமதிப்பு என்பது இன்று வழங்கும் பொருள். யார் யாருக்கு நெகிழ்ந்து கொடுக்கிறாரோ, அவரை அவரே அவமதிக்கத் தொடங்குகிறார் என்ற ஒரு முழுக் குடும்ப வரலாறு இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கிறது. அதனைச் செய்தது புலவர் அல்லர். பேசிப் பேசித் தேய்த்த சனங்கள்.

வினைச்சொற்களையும் கவனிக்க வேண்டும். செல்லங் கொடுக்கிறார்கள், செல்லம் பொழிகிறார்கள். காசைப் போலக் கொடுக்கலாம், மழையைப் போலப் பொழியலாம். உழைத்துப் பெற்ற செல்லம் என்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

கந்தபுராணத்தோடு வளர்ந்தவர்கள் நாம். கோயில் மண்டபத்திலே ஒருவர் வாசிக்க மற்றவர் பயன் சொல்ல, பாயின் ஓரத்தில் உறக்கமும் விழிப்புமாக இருந்து கேட்ட கதைகள் அவை. பிரணவத்துக்குப் பொருள் தெரியாத பிரமனைக் குட்டிச் சிறையிட்டான் குமரன். நந்திதேவர் தூது வந்தார், பலிக்கவில்லை. கடைசியிற் சிவபெருமானே எழுந்தருளிச் சொல்லவேண்டியதாயிற்று. இந்தப் பகுதிக்குப் பயன் சொல்லும்போது எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர், "பிள்ளை செய்தது சரிதான், ஆனாலும் தகப்பன் நேரே வந்து விடு எண்டு சொன்னார் பாருங்கோ" என்று ஒரு கணம் நிறுத்துவார். அந்தப் பிள்ளையிடமே பின்னர் உபதேசம் கேட்கத் தலை தாழ்த்தியவரும் அதே தந்தைதான். முதலிற் கண்டிப்பு, பிறகு தோளிலே தூக்கிச் செவி கொடுத்தல். மறுபக்கத்தில் பாரதம் இருக்கிறது. திருதராட்டிரன் துரியோதனனுக்கு ஒரு முறையாவது இல்லை என்று உறுதியாகச் சொல்லியிருந்தால் பதினெட்டு நாட் போர் வேண்டியிருந்திராது. அவனுக்குக் கண் இல்லாதது பெரிய குறையன்று. வாய் இல்லாததே குறை.

இதற்கெல்லாம் மருந்தாக நம்மவர் எடுத்து நீட்டுவது முருங்கைப் பழமொழி. முருங்கையை முறித்து வளர்க்க வேண்டும், பிள்ளையை அடித்து வளர்க்க வேண்டும் என்பர். பெற்றார் கூட்டங்களிலே இதனைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. "உங்களுக்கு முழு உரிமையும் தாறன் சேர், கண் இரண்டையும் விட்டிட்டு மிச்சத்தை உரியுங்கோ" என்று பிள்ளையை முன்னால் வைத்துக்கொண்டே சொல்லும் தந்தையர் இன்றும் உளர். பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாது என்று 2005 ஆம் ஆண்டிலேயே கல்வியமைச்சின் சுற்றறிக்கை வந்துவிட்டது என்பதை அவர்களுக்கு நினைவூட்டுவேன். வீட்டிலே மறுக்கத் துணியாத ஒன்றை மறுப்பதற்கு ஆசிரியரின் பிரம்பை இரவல் கேட்கிறார்கள் என்பதே உண்மை. அதுவும் ஒருவகைச் செல்லந்தான். தமக்குத் தாமே கொடுக்கும் செல்லம். தவிரவும், பழமொழி சொல்பவர்கள் முருங்கையின் பாதியை மறந்துவிடுகிறார்கள். முருங்கைத் தடியை வெட்டி நடுகிறவன், வெட்டுவாயில் ஈரம் இறங்கி அழுகாதிருக்க ஒரு பிடி சாணத்தை எடுத்து அப்பிவிட்டே அப்பாற் போவான். முறிப்பதைப் பழமொழியாக்கியவர்கள் சாணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

இப்பொழுது அந்த முதலாவது சொல்லுக்கு வரலாம்.

கண்டறியாத என்பதை நாம் பெயர்களுக்கு முன்னே வைத்து ஏளனம் செய்வது போலப் பிற நாட்டுத் தமிழர் செய்வதாக எனக்குத் தெரியவில்லை. கண்டறியாத படம், கண்டறியாத கலியாணம், கண்டறியாத படிப்பு. உலகத்தில் இல்லாத ஒரு புதுமையை நீ கொண்டுவந்துவிட்டாயாக்கும் என்பது அதன் தொனி. புதியதை ஐயத்தோடு பார்க்கும் ஒரு சமூகத்தின் சொல் அது. கிணற்றடியிலும் வேலியோரத்திலும் பிறந்த சொல். ஆனால் ஏளனத்தைக் கழற்றிவிட்டு நேர்ப்பொருளை மட்டும் எடுத்துக்கொண்டால், அது வேறொன்றைச் சொல்கிறது: சொல்பவர் அதனைக் கண்டதில்லை. கண்டறியாத செல்லம் என்றால், எனக்குக் கிடைத்தறியாத செல்லம்.

என் வயதினருக்கு இந்த நேர்ப்பொருள் நன்றாக விளங்கும். 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் போர் மீண்டும் மூண்டபோது நான் ஆரம்பப் பாடசாலை மாணவன். மின்சாரம் நின்றது. சவர்க்காரம், மண்ணெண்ணெய், மின்கலம் எல்லாம் தடைப்பட்ட பொருள்களாயின. ஜாம் போத்தலிற் செய்த சிறு விளக்கைச் சுற்றி நான்கு பிள்ளைகள் இருந்து படித்தோம். பனம்பழத்தைப் பிசைந்து உடுப்புத் தோய்த்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து ஒருவர் மிதிக்க, டைனமோவின் தயவில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டோம். சீனி எட்டாத விலைக்குப் போனபடியால், பனங்கட்டியை ஒரு கையில் வைத்துக் கடித்துக்கொண்டு தேநீர் குடித்தோம். அம்மா ஒரு பனங்கட்டியைப் பாக்குவெட்டியால் நான்காக நறுக்குவார். எவ்வளவு கவனமாக நறுக்கினாலும் ஒரு துண்டு சற்றே பெரிதாக வந்துவிடும். காய்ச்சலில் எழும்பிய பிள்ளைக்கு அது போகும். எங்கள் வீட்டிலே செல்லத்தின் அளவு அவ்வளவுதான். ஆனால் அதற்காக நாங்கள் காய்ச்சல் வரவேண்டும் என்று ஆசைப்பட்டதுண்டு.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழுந்து தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாவற்குழிப் பாலத்துக்கு வந்து சேர ஒரு முழு இரவு பிடித்தது. அன்று எத்தனையோ பிள்ளைகள் தண்ணீர் கேட்டு அழுதன. செல்லம் கொடுக்க விரும்பாத தாய்மார் அந்த இரவில் ஒருவரும் இருந்திருக்கமாட்டார்கள். கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

அந்த இரவிலே நடந்த பிள்ளைகள் இப்போது பெற்றோர். என்னுடைய மாணவர்களின் தந்தையரிற் பலர் என்னோடு ஒத்த வயதினர். சிலர் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். அவர்கள் தங்கள் பிள்ளைகளை வளர்க்கும் விதத்தைக் காணும்போது, விறாந்தையில் இருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

மேசன் வேலை செய்யும் ஒரு தந்தை கல்லூரிக்கு வந்தார். மகன் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவேண்டியவன். இரவு முழுவதும் கைத்தொலைபேசி, பகலிலே வகுப்பில் உறக்கம். பரீட்சை முடிந்ததும் மோட்டார் சைக்கிள் வாங்கித் தருவதாகத் தந்தை வாக்களித்திருக்கிறார் என்றும், முற்பணத்துக்குக் கடன் பட்டுவிட்டார் என்றும் பேச்சினிடையே தெரியவந்தது. சீமெந்துத் தூசு படிந்த அவருடைய கைகளைப் பார்த்துக்கொண்டே, "பதினாறு வயதுப் பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் என்னத்துக்கு? சாரதி அனுமதிப்பத்திரம் எடுக்கிற வயதுகூட வரேல்லையே" என்று கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. நிலத்தைப் பார்த்தபடி, "நாங்கள் கண்டறியாததை அதுகளாவது காணட்டும், சேர்" என்றார்.

அதே சொல். என் பாட்டி ஏளனமாகச் சொன்ன சொல்லை அவர் ஏக்கமாகச் சொன்னார். எனக்கு உடனே மறுமொழி வரவில்லை. சிறிது பொறுத்து, மகனுக்கு இரவில் ஒன்பது மணிக்குப் பிறகு தொலைபேசி வேண்டாம் என்ற ஒன்றை மட்டும் வீட்டிலே சொல்லிப் பார்க்குமாறு கேட்டேன். "சொன்னால் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவான் சேர், அதைத்தான் பாக்கேலாது" என்றார். மூன்று மாடிச் சாரத்தில் நின்று வெயிலிலே கல் அடுக்கும் மனிதர். மகனின் வாடிய முகத்துக்கு முன் அவருடைய சொல் செல்லவில்லை.

சொல் செல்லாத வேறொரு வீடும் உண்டு. தாய் தந்தையர் கனடாவிலே உழைக்க, பேத்தியாரோடு இங்கிருந்து உயர்தரம் படிக்கும் ஒரு பெண்பிள்ளை. வாரத்திற் பாதி நாள் கல்லூரிக்கு வருவதில்லை. அந்த மூதாட்டியை அழைத்துக் கேட்டோம். கைப்பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "வாத்தியார் தம்பி, நான் ஒரு சொல்லுச் சொன்னால் உடனே அங்கை ரெலிபோன் போகுது. அவை என்னை ஏசுகினம். தாய் தேப்பன் பக்கத்திலை இல்லாத பிள்ளையாம், மனம் நோகப்படாதாம். காசும் அவையின்ரை, பிள்ளையும் அவையின்ரை. நான் சோறு மட்டும்தான்." அருகில் இல்லாத குறையைக் காசால் நிரப்பும் பெற்றோரை ஊரிலே எளிதாகப் பழிக்கிறார்கள். பனி விழும் ஊரில் இரண்டு வேலை செய்துவிட்டு இரவு வீடு திரும்புகிறவர்களுக்கு, பிள்ளை தொலைபேசியில் ஒரு நிமிடம் சிரித்தால் அதுவே நாளின் கூலி. அந்த ஒரு நிமிடத்திற் கண்டிப்பைப் பேச எவருக்கு மனம் வரும்? அந்தக் குடும்பத்தில் நான் குற்றம் காணமுடியாதவனாக இருந்தேன். ஆனாலும் பிள்ளை பாடங்களில் பின்தங்கிக்கொண்டே போனாள் என்பதும் உண்மை. தாயோடு தொலைபேசியிற் பேசினோம். இனி மாதக் காசு பேத்தியாரின் கையில், செலவுக்கும் கண்டிப்புக்கும் அவருடைய சொல்லே முடிவு என்று தாய் பிள்ளைக்குச் சொல்ல உடன்பட்டார். சொன்னார். இரண்டு வாரம் வீட்டிலே பெரும் போர் நடந்ததாக மூதாட்டி பின்னர் கூறினார். மூன்றாம் வாரம் பிள்ளை ஒழுங்காக வரத் தொடங்கினாள். இப்பொழுதும் சில நாள் வராமல் விடுகிறாள். எல்லாம் சீராகிவிட்டதாக எழுத எனக்கு விருப்பமில்லை.

இல்லை என்ற சொல்லைப் பிள்ளை தாங்காது என்பதே இப்பெற்றோரின் உள்ளே இருக்கும் அச்சம். அது எவ்வளவு வீண் அச்சம் என்பதை 2022 ஆம் ஆண்டு காட்டியது. அவ்வாண்டு மார்ச் மாத இறுதியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை. பால்மா கிடைக்கவில்லை, கொப்பி விலை தாறுமாறாக ஏறியது. வீட்டிலே ஒருநாளும் இல்லை என்று கேட்டறியாத பிள்ளைகளுக்கு, கடையிலே எந்தப் பொருளைக் கேட்டாலும் இல்லை என்ற மறுமொழி வந்தது. பெற்றோர் கலங்கினார்கள். என் மாணவர்களோ, பழைய கொப்பிகளில் எஞ்சிய வெற்றுத் தாள்களைக் கிழித்துக் கட்டிக்கொண்டு வந்தார்கள். பெற்றோல் இல்லாத நாளில், மோட்டார் சைக்கிளிற் கொண்டுவந்து இறக்கப்பட்ட பிள்ளைகள் தகப்பனின் பழைய சைக்கிளை உருட்டி எடுத்து எண்ணெய் விட்டு ஓட்டி வந்தார்கள். ஒருவன் விளக்குக் கண்ணாடியைத் துடைக்கத் தெரியாமல் உடைத்துவிட்டு, அம்மம்மாவிடம் துடைக்கக் கற்றுக்கொண்டதைக் கட்டுரையாக எழுதியிருந்தான். அந்தத் தவணையிலே நான் திருத்திய கட்டுரைகளுள் அதுவே சிறந்தது. எண்பது புள்ளி கொடுத்தேன். செல்லம் அன்று, உண்மையான எண்பது.

எங்கள் வீட்டிலும் இந்தச் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. சொல்பவர் மட்டும் மாறிவிட்டார். பனங்கட்டியை நான்காக நறுக்கிய அதே அம்மா, இன்று என் இளைய மகனுக்குச் சோற்றுக்கு முன்னே பயற்றம் பணியாரம் கொடுக்கிறார். பாடம் செய்யும் வேளையிலே மடியில் இருத்திக் கதை சொல்கிறார். நான் ஏசினால் அவனுக்கு முன்னே கையை நீட்டி மறைக்கிறார். எங்கள் நால்வருக்கும் அடுப்படியில் வேப்பங்கம்பு செருகி வைத்திருந்தவர் இவர்தாமா என்று என் தமக்கை சுவிற்சர்லாந்திலிருந்து வந்திருந்தபோது மூக்கில் விரல் வைத்தார். அண்மையில் ஒரு மாலை, மகன் வாய்ப்பாடு சொல்லாமல் அவருடைய சேலைத்தலைப்பினுள் ஒளித்துக்கொண்டபோது நானும் பொறுமையிழந்து, "கண்டறியாத செல்லம்!" என்று சொல்லிவிட்டேன்.

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. சேலைத்தலைப்பை இன்னும் சற்றே இழுத்து அவனை மூடிக்கொண்டார்.

"ஓம் தம்பி, கண்டறியாததுதான். உங்களை வளர்க்கேக்கை ஆர் எனக்கு நேரம் தந்தது? செல் விழுற சத்தம் கேட்டு நாலு பேரையும் பங்கருக்குள்ளை இழுக்கவே நேரம் சரி. மடியிலை வைச்சுக்கொண்டிருக்க எனக்கும் ஆசை இருந்தது."

வாய்ப்பாட்டை அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்பது என்று முடிவாயிற்று. அம்மாவே கேட்டார். ஏழாம் வாய்ப்பாட்டில் அவன் தடக்கிய இடத்தில் விடாமல் மூன்று முறை சொல்லவைத்தார். குரல் பழைய குரலாகவே இருந்தது. சொல்லி முடித்த பின் தகரப் பேணியைத் திறந்து அவனுக்கு ஒரு பயற்றம் பணியாரம் கொடுத்துவிட்டு, எஞ்சியிருந்த ஒன்றை மேசைக்கு அப்பால் இருந்த எனக்கு நீட்டினார்.